ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) கட்டினால் கணிப்புப் போட்டிக்கு நம்பகத்தன்மை வந்துவிடுமா?

கேள்வி இதுதான். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தம்பி நண்பர்களோடு சேர்ந்து இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஆட்டங்களுக்கு வாட்ஸ்அப்பில் கணிப்புப் போட்டி நடத்துகிறார். இலவசம்தான். ஆகஸ்ட்டில் அறுபது பேர் சேர்கிறார்கள், தீபாவளி தாண்டினால் பாதிப் பேரைக் காணோம். "தலைக்கு 50 வெள்ளி வாங்கு, அப்போதுதான் யோசித்துக் கணிப்பான், ஜெயிக்கிறவனுக்கும் ஒரு மரியாதை இருக்கும்" என்கிறார்கள் கூட்டாளிகள். இதற்கிடையில், 200 பேர் காசு கட்டிய போட்டியில் முதலிடம் வந்தேன் என்று சொல்லி ஒருவர் மாதம் 100 வெள்ளிக்கு டிப்ஸ், அதாவது எந்த அணி மேல் பந்தயம் வைக்கலாம் என்ற குறிப்பு, விற்கிறார். காசு கட்டி ஜெயித்தவர் என்பதால் அவரை நம்பலாமா, நாமும் காசு வாங்கலாமா என்று தம்பி கேட்கிறார்.

இந்த வட்டாரத்தில் இப்படிப்பட்ட போட்டிகளுக்குப் பல சீசன் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன். நுழைவுக் கட்டணம் ஆளைப் பிடித்து வைக்கும். கணக்கு சுத்தமாக இருக்கிறதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஜெயித்தவர் கெட்டிக்காரரா என்பதற்கும் அது சாட்சி இல்லை. போதாததற்கு, நம் நாட்டில் அந்த 50 வெள்ளியை வாங்கிய நிமிடத்தில் போட்டியின் தன்மையே மாறிவிடுகிறது.

கூட்டாளிகள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறுக்கவில்லை. இலவசப் போட்டியில் ஒரே ஆள் மூன்று பெயரில் சேருவான். ஒரு கைப்பேசியில் தன் பெயர், இன்னொன்றில் தங்கச்சி பெயர், அப்புறம் வேலைக்கிடத்து நண்பன் பெயர். மூன்றிலும் வெவ்வேறு விதமாகக் கணித்து, எது மேலே ஏறுகிறதோ அதைத் தன் பெயர் என்பான். நாலு வாரம் தோற்றவன் கணிப்பு அனுப்புவதையே விட்டுவிடுவான். கடைசியில் பட்டியலில் நிற்பவர்கள் தொடக்கத்தில் நன்றாகப் போனவர்கள் மட்டும்தான், பார்ப்பவனுக்கு எல்லாருமே கெட்டிக்காரர்களாகத் தெரிவார்கள். காசு வாங்கினால் இந்தத் தொல்லை குறையும் என்பது உண்மை.

ஆனால் கட்டணம் அதற்கு மேல் எதுவும் செய்யாது. ஏன் என்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்ப்போம்.

டிப்ஸ்காரர் சொல்லும் போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 200 பேர். ஆளுக்கு 50 கணிப்பு என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் ஆட்டத்திலும் பலமான அணி அரை கோலோ ஒரு கோலோ விட்டுக்கொடுத்து ஆடுவதாக வைத்தால், அதாவது அதன் கோல் கணக்கில் அவ்வளவைக் கழித்துவிட்டு யார் ஜெயித்தார் என்று பார்த்தால், இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமம். இதைத்தான் விட்டுக்கொடுப்பு என்கிறோம். இந்த 200 பேரில் யாருக்கும் பந்தாட்டமே தெரியாது, ஆளுக்கு ஒரு நாணயம் சுண்டித்தான் கணிக்கிறார்கள் என்று நினைத்துப் பாருங்கள். ஓர் ஆளுக்கு 50இல் சராசரியாக 25 சரியாக வரும். 34 அல்லது அதற்கு மேல் வருவது அபூர்வம், ஆயிரத்தில் எட்டுப் பேருக்குக்கூட வராது. ஆனால் உட்கார்ந்திருப்பது 200 பேர் ஆயிற்றே. அவர்களில் ஒருவராவது 34ஐத் தொட 5க்கு 4 பங்கு வாய்ப்பு இருக்கிறது. 50க்கு 34 என்றால் 68 சதவீதம். "அறுபத்தெட்டு சதவீதம் அடித்தேன், 200 பேரைத் தோற்கடித்தேன்" என்று ஒருவர் நெஞ்சை நிமிர்த்திச் சொல்வார். அவர் சொல்வது அத்தனையும் உண்மையாகவே இருக்கும். ஆனாலும் அவர் செய்தது நாணயம் சுண்டியது மட்டும்தான்.

இப்போது அந்த 200 பேரும் தலைக்கு 50 வெள்ளி கட்டினார்கள் என்று மாற்றிக்கொள்ளுங்கள். 500 என்றுகூட வையுங்கள். கணக்கில் ஓர் எண்ணாவது மாறியதா? நாணயத்துக்கு யார் காசு கட்டினார்கள் என்று தெரியாது. கட்டணம் உயர்ந்தால் பரிசு உயரும், பேச்சு உயரும், ஜெயித்தவரைச் சுற்றிக் கூட்டம் கூடும். 68 சதவீதம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி மட்டும் நின்ற இடத்திலேயே நிற்கும்.

பெரிய போட்டிகளும் இதற்கு விலக்கல்ல. அமெரிக்காவின் லாஸ் வேகஸில் சூப்பர்காண்டெஸ்ட் என்று ஒன்று 1988இலிருந்து நடக்கிறது. அமெரிக்கக் கால்பந்துக்கு வாரம் ஐந்து ஆட்டம் கணிக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் அணிக்கு இத்தனை புள்ளி என்று விட்டுக்கொடுப்பு உண்டு. பல ஆண்டுகள் அதன் கட்டணம் 1,500 டாலர். 2018இல் 3,000க்கும் மேற்பட்ட நுழைவுகள் வந்தன. அப்போது சீசனுக்கு 17 வாரம், அதாவது 85 கணிப்பு. 3,000 பேர் நாணயம் சுண்டினாலே முதலிடத்தில் நிற்பவர் 58 அளவில் சரியாகச் சொல்லியிருப்பார். அதுவும் 68 சதவீதம்தான். அந்தப் போட்டியில் ஜெயிக்கிறவர்கள் பெரும்பாலும் எடுப்பதும் அந்த அளவையொட்டித்தான். அவர்களில் உண்மையான கெட்டிக்காரர்கள் இருக்கலாம், நிச்சயம் இருப்பார்கள். ஆனால் ஒரே ஒரு சீசன் பட்டியலை வைத்துக்கொண்டு யார் கெட்டிக்காரர், யார் அதிர்ஷ்டக்காரர் என்று பிரிக்க வழி இல்லை.

அப்படியானால் எத்தனை கணிப்பு பார்த்தால் நம்பலாம்? 100 முறை நாணயம் சுண்டினால் 55 அல்லது அதற்கு மேல் தலை விழ 18 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. ஆக, 100க்கு 55 என்ற சாதனை ஒன்றுமே சொல்லவில்லை. 400 கணிப்பில் 55 சதவீதம் தாக்குப்பிடித்தால்தான் 'சரி, இவரிடம் ஏதோ இருக்கிறது' என்று யோசிக்க ஆரம்பிக்கலாம். அதுவும் அவர் 400ஐயும் காட்ட வேண்டும், நல்ல 400ஐப் பொறுக்கிக் காட்டக் கூடாது. வாரம் ஐந்து கணித்தால் ஒரு பிரீமியர் லீக் சீசனில் 190தான் வரும். ஆக இரண்டு சீசனுக்கு மேல் ஒன்றுவிடாமல் எழுதிய கணக்கு வேண்டும். நம் ஊரில் அப்படி ஒரு கணக்கை டிப்ஸ் விற்கிறவர் யாரும் காட்டி நான் பார்த்ததில்லை.

விட்டுக்கொடுப்பு இல்லாமல், யார் ஜெயிப்பார் என்று மட்டும் கேட்கும் போட்டி என்றால் சதவீதத்தைப் பார்க்கவே வேண்டாம். 2017–18 சீசனில் மான்செஸ்டர் சிட்டி 38 ஆட்டத்தில் 32ஐ ஜெயித்தது. பந்தாட்டமே பார்க்காத ஒருவர் அந்த ஒரு கிளப்பின் பெயரை மட்டும் வாரா வாரம் எழுதிக்கொடுத்திருந்தால் 84 சதவீதம் சரி. 2019–20இல் லிவர்பூலுக்கும் அதே 32. 'எண்பது சதவீதம் அடிக்கிறேன்' என்று யாராவது சொன்னால், எந்த ஆட்டங்களை, எந்த விட்டுக்கொடுப்பில் என்று கேளுங்கள். பெரும்பாலும் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

கட்டணம் வாங்கும் போட்டியில் பலரும் கவனிக்காத இன்னொரு கோளாறு இருக்கிறது. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. பரிசு பெரிதானால் ஆட்கள் தங்களுக்குச் சரி என்று படுவதைக் கணிப்பதை விட்டுவிடுவார்கள். கடைசி வாரம் நீங்கள் ஒரு புள்ளி பின்தங்கி இரண்டாம் இடத்தில் இருக்கிறீர்கள் என்று வையுங்கள். முன்னால் இருப்பவர் ஆர்சனல் பக்கம் போவார் என்று உங்களுக்குத் தெரியும். உங்களுக்கும் ஆர்சனல்தான் என்று படுகிறது. ஆனால் நீங்களும் ஆர்சனல் எழுதினால் அவரைப் பிடிக்கவே முடியாது. ஆகவே எதிர்ப்பக்கம் எழுதுவீர்கள். ஐந்து புள்ளி பின்தங்கியவன் கடைசி மூன்று வாரம் முழுக்க யாரும் தொடாத அணிகளையே தேடிப் பிடிப்பான். பத்தாம் இடத்துக்கும் நூறாம் இடத்துக்கும் பரிசில் வித்தியாசம் இல்லாதபோது இதுதான் புத்திசாலித்தனம், அவன் மேல் தப்பில்லை. ஆனால் அப்படி ஜெயித்தவரின் கணிப்பைப் பார்த்து நாம் என்ன கற்றுக்கொள்ள முடியும்? மற்றவர்களுக்கு எதிராக ஆடத் தெரிந்தவர் என்பது தெரியும். ஆட்டத்தைப் படிக்கத் தெரிந்தவரா என்பது தெரியாது. காசு கட்டினால் நேர்மையாகக் கணிப்பான் என்று உங்கள் கூட்டாளிகள் நினைப்பது இந்த இடத்தில் தலைகீழாகிறது.

விட்டுக்கொடுப்பு எப்போது குறிக்கப்பட்டது என்பதும் பெரிய விஷயம். வாரத்தின் நடுவில் அதைக் குறித்துவிட்டு, சனிக்கிழமை வரை கணிப்பு வாங்கினால், இடையில் முக்கிய ஆட்டக்காரர் காயம்பட்ட செய்தி வரும். பந்தயச் சந்தையில் விட்டுக்கொடுப்பு மாறிவிடும், போட்டித் தாளில் பழையதே இருக்கும். பழைய எண்ணுக்கு எதிராகக் கணிப்பது எளிது. அப்படி எடுத்த 60 சதவீதம் நிஜத்தில் யாருக்கும் கிடைக்காத விலையில் எடுத்தது. லாஸ் வேகஸ் போட்டியிலும் வாரத்தின் நடுவில் எண்ணைப் பூட்டிவிடுவார்கள், அங்கே ஆடுகிறவர்கள் இதைத் தெரிந்தே பயன்படுத்துகிறார்கள்.

'அப்படியானால் லாஸ் வேகஸ் போட்டியை உலகம் மதிக்கிறதே, அது காசு வாங்கும் போட்டிதானே' என்று கேட்கலாம். மதிப்பு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அங்கே நடத்துகிறவருக்கு உரிமம் இருக்கிறது, மேலே நெவாடா மாநிலத்தின் சூதாட்டக் கட்டுப்பாட்டு வாரியம் இருக்கிறது. பெயர் கொடுக்கிறவர் அடையாளத்தைக் காட்ட வேண்டும். வாராவாரம் பட்டியல் வெளியாகும். காசு எங்கே போகிறது, நடத்துகிறவர் எவ்வளவு பிடித்துக்கொள்கிறார் என்பது எழுதியிருக்கும். வாங்குகிறவன் மேல் ஒரு கண் இருப்பதால் வந்த மதிப்பு அது. 1,500 டாலரால் மட்டும் வந்ததல்ல.

நம் ஊரில் அந்தக் கண் யாருடையது? அறுபது பேர், தலைக்கு 50 என்றால் 3,000 வெள்ளி. ஆகஸ்ட்டிலிருந்து மே வரை அது யார் கையில் இருக்கும்? நம் சனத்துக்கு இது புதிய கதை இல்லை. கூட்டு (சீட்டு) கட்டி, எடுத்தவன் ஊரைவிட்டுப் போன கதை இல்லாத தோட்டம் உண்டா? 1971இல் கூட்டுத் தடைச் சட்டம் வந்தும் இன்றுவரை அது ஓயவில்லை. அதே சனம்தான் 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்தது. அவர் அப்போது இந்த ஊர்த் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர். அவர் மேல் சனத்துக்கு இருந்த நம்பிக்கையும் இருந்தது, பதிவு பெற்ற சங்கம், உறுப்பினர், பங்கு என்ற கட்டுக்கோப்பும் இருந்தது. வாட்ஸ்அப் குழுவில் காசு பிடிப்பவருக்குப் பின்னால் அப்படி ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இளைஞர்கள் பலர் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். மலேசியாவில் டோட்டோ, மேக்னம், டாமாச்சாய் நம்பர் கடைகளுக்கு உரிமம் உண்டு, குதிரைப் பந்தயத்துக்கும் உண்டு. பந்தாட்டப் பந்தயத்துக்குக் கிடையாது. 2010இல் ஒரு நிறுவனத்துக்கு உரிமம் கொடுக்கும் பேச்சு எழுந்தது, எதிர்ப்பு வலுக்கவே அதே ஆண்டு ஜூனில் அரசு அதைக் கைவிட்டது. 1953ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டத்தின்கீழ் பந்தயம் நடத்துகிறவருக்கு 2 லட்சம் வெள்ளி வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் விதிக்கலாம். காசை வசூலிப்பவர், பட்டியலை வைத்திருப்பவர், பரிசைப் பிரிப்பவர் என்று பார்த்தால் அந்தத் தம்பிதான் முன்னால் நிற்பார். குழுவில் மலாய் நண்பர்கள் இருந்தால் அவர்களுக்கு ஷரியா சட்டமும் சேர்ந்து வரும்.

நம்பகத்தன்மைக்கும் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறது. 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 31ஆம் பிரிவு பந்தய ஒப்பந்தங்கள் செல்லாது என்கிறது. ஜெயித்த காசைத் தரவில்லை என்று நீங்கள் நீதிமன்றம் போக முடியாது. மே மாதம் முதலிடம் வந்தவரிடம் 'அண்ணே, காசு செலவாகிப்போச்சு' என்று ஒருவர் சொன்னால் அவர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. போலீஸில் சொல்லப் போனால் தானும் ஆடியதைச் சொல்ல வேண்டியிருக்கும். ஆக இலவசப் போட்டியில் ஏமாந்தால் போவது மானம் மட்டும், காசு போட்ட போட்டியில் காசும் போகும், கேட்க வழியும் இருக்காது.

இப்போது டிப்ஸ்காரரைப் பார்ப்போம். அவர் காட்டும் படம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எல்லாரும் ஒரே மாதிரிதான் காட்டுகிறார்கள். மேலே அவர் பெயர், பக்கத்தில் கோப்பைப் படம், எண்கள் பச்சையில். கீழே மூன்று நாலு பெயர், அத்தோடு படம் வெட்டப்பட்டிருக்கும். 200ஆவது பெயர் தெரியாது. எந்தத் தேதி, எந்த விட்டுக்கொடுப்பு, எத்தனை மணிக்கு அனுப்பினார் என்று எதுவும் தெரியாது. அவர் இதேபோல எத்தனை போட்டியில் சேர்ந்தார், இதே போட்டியில் எத்தனை பெயரில் இருந்தார் என்பதும் தெரியாது. பத்துப் போட்டியில் சேர்ந்து ஒன்றில் முதலிடம் வந்தால் அந்த ஒன்றுதான் படமாகும். எந்தப் போட்டி நடந்தாலும் யாராவது ஒருவர் முதலிடம் வந்தே தீருவார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

அவருடைய டெலிகிராம் சேனலைத் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்பில் செய்தியை அழித்தால் 'அழிக்கப்பட்டது' என்று தடம் நிற்கும், திருத்தினாலும் குறி விழும். டெலிகிராம் சேனலில் பதிவை அழித்தால் தடமே இருக்காது. ஆனால் ஒரு வழி இருக்கிறது. பொதுச் சேனலில் ஒவ்வொரு பதிவின் இணைப்பை எடுத்தாலும் கடைசியில் ஓர் எண் வரும். 412, 413, 414 என்று வரிசையாகப் போக வேண்டும். 414க்கு அடுத்து 419 என்றால் நடுவில் சில காணாமல் போயிருக்கின்றன. ஒன்றிரண்டு இடைவெளிக்கு வேறு காரணம் இருக்கலாம். ஒவ்வொரு திங்கட்கிழமைக்கு முன்னாலும் இடைவெளி இருந்தால், தோற்ற கணிப்புகள் ஞாயிறு இரவே போய்விட்டன என்று நினைக்க நியாயம் உண்டு.

இதைவிட மோசமான ஒரு வித்தையும் இருக்கிறது, அதில் யாரும் எதையும் அழிக்க வேண்டியதில்லை. 640 பேருக்குத் தனித்தனியாகச் செய்தி போகும். 320 பேருக்கு 'இந்த வாரம் செல்சி', மற்ற 320 பேருக்கு 'செல்சி இல்லை'. தோற்ற பக்கத்தை விட்டுவிட்டு, சரியாக வந்த 320ஐ மறுபடி இரண்டாகப் பிரிப்பார்கள். ஐந்து வாரத்தில் 20 பேர் மிஞ்சுவார்கள். அந்த 20 பேரின் கண் முன்னால் ஒருவர் ஐந்து வாரம் தொடர்ந்து சரியாகச் சொல்லியிருக்கிறார். ஆறாவது வாரம் 'இனிமேல் 100 வெள்ளி' என்றால் கொடுக்காமல் இருப்பார்களா? 20 பேர் கொடுத்தால் 2,000 வெள்ளி. ஏமாந்தவர்களை முட்டாள் என்று சொல்ல எனக்கு மனம் வராது, அவர்கள் தங்கள் கண்ணால் பார்த்ததைத்தான் நம்பினார்கள்.

சரி, அப்படியானால் போட்டியை எப்படி நடத்துவது? காசு இல்லாமலே, காசு செய்கிற வேலையைச் செய்ய வைக்க முடியும். நான் முதலில் வைக்கச் சொல்லும் விதி, அனுப்பாத கணிப்பு தப்பாகக் கணக்கிடப்படும் என்பது. நாலு வாரம் காணாமல் போனவன் பெயரை நீக்காதீர்கள். பட்டியலின் அடியில் அவன் பெயரும் பூஜ்யமும் மே மாதம் வரை இருக்கட்டும். அவன் பெயர் இருந்தால்தான் மேலே இருப்பவன் அறுபது பேரில் முதலாவதா, பன்னிரண்டு பேரில் முதலாவதா என்று பிறருக்குத் தெரியும். ஒரு கைப்பேசி எண்ணுக்கு ஒரு பெயர், அதையும் குழுவில் இரண்டு பேராவது நேரில் அறிந்தவராக இருக்க வேண்டும். நம்மைப் போன்ற சின்ன ஊரின் பலமே இதுதான். லாஸ் வேகஸில் அடையாள அட்டை பார்ப்பார்கள், இங்கே 'அவனா, நம்ம பழைய தண்டல் பேரனாச்சே' என்று சொல்ல ஆள் இருக்கிறது.

கெடு நேரத்தில்தான் அதிகமான போட்டிகள் கெட்டுப்போகின்றன. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் 3 மணி ஆட்டம் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 11 மணி. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியதும் அதே ஆட்டம் நமக்கு இரவு 10 மணிக்கு வந்துவிடும். டிசம்பரில் 'சனி இரவு 11க்குள் அனுப்பவும்' என்று விதி போட்டுவிட்டு அப்படியே விட்டால், ஏப்ரலில் இரண்டாம் பாதி தொடங்கும் நேரம் வரை கணிப்பு வாங்கிக்கொண்டிருப்பீர்கள். மாமாக் கடைப் பெரிய திரையில் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே ஒருவன் அனுப்புவான். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது, விதி அப்படித்தானே இருக்கிறது. கெடுவை மணியாக எழுதாமல், 'அந்த வாரத்தின் முதல் ஆட்டம் தொடங்க 90 நிமிடம் முன்' என்று எழுதுங்கள். பிரீமியர் லீக்கின் அதிகாரப்பூர்வ ஃபேன்டஸி ஆட்டத்தில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அதிலும் சேரக் காசு கிடையாது, ஆனாலும் அதன் பட்டியலை யாரும் சந்தேகப்படுவதில்லை. கெடு தாண்டினால் கதவு தானாகப் பூட்டிக்கொள்கிறது, யார் எந்த வாரம் எத்தனை புள்ளி எடுத்தார் என்பதை எவரும் திறந்து பார்க்கலாம்.

ஆட்டம் பாதியில் நின்றால் என்ன என்பதையும் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். சின்ன விஷயம் என்று தோன்றும். 1997 நவம்பரில் வெஸ்ட்ஹாம், கிரிஸ்டல் பேலஸ் ஆட்டம் 2–2 என்று இருக்கும்போது விளக்குகள் அணைந்தன. அடுத்த மாதம் விம்பிள்டன், ஆர்சனல் ஆட்டத்தில் இரண்டாம் பாதி தொடங்கியதும் அதேபோல் இருட்டு. பாதி ஆட்டத்துக்குப் பிறகு நின்றால் அப்போதைய ஸ்கோரே முடிவு என்று ஆசியப் பந்தயக்காரர்கள் வைத்திருந்த விதியைப் பயன்படுத்தத்தான் வேண்டுமென்றே விளக்கை அணைக்கும் வேலை நடந்தது. 1999இல் சார்ல்டன் திடலில் மறுபடி முயன்றபோது பிடிபட்டுத் தண்டனை பெற்றவர்களில் மலேசியரும் இருந்தார்கள். நம் குழுவுக்காக யாரும் விளக்கை அணைக்கப் போவதில்லை. ஆனால் மழையில் ஒத்திவைத்த ஆட்டம் ஒன்று போதும், குழு இரண்டாக உடைய. ஒத்திவைத்த ஆட்டம் எல்லாருக்கும் கணக்கில் இல்லை என்று ஒரு வரி எழுதினால் பிரச்சினை தீர்ந்தது.

உள்ளூர் லீக்கைப் போட்டியில் சேர்க்காதீர்கள் என்றும் சொல்வேன். 1994–95இல் மலேசியப் பந்தாட்டத்தில் நடந்த ஆட்ட விற்பனை (காசு வாங்கி முடிவை மாற்றுவது) விசாரணையில் 126 ஆட்டக்காரர்கள் விசாரிக்கப்பட்டார்கள், 58 பேர் தடை செய்யப்பட்டார்கள். ஆட்டக்காரரையோ அவர் மாமாவையோ தெரிந்தவர் குழுவில் இருந்தால், அவர் ஜெயித்தாலும் சந்தேகம், தோற்றாலும் சந்தேகம்.

கெடு முடிந்ததும் எல்லாருடைய கணிப்பையும் ஒரே தாளில் அச்சடித்து, ஆட்டம் தொடங்கும் முன் ஓர் ஒட்டுக்கடையில் ஒட்டிவிடுங்கள், படமெடுத்துக் குழுவிலும் போடுங்கள். விட்டுக்கொடுப்பு எண்ணும் அந்தத் தாளிலேயே இருக்கட்டும். கணக்கு எழுதுகிறவர் போட்டியில் சேரக் கூடாது. முடிந்தால் இரண்டு பேர் தனித்தனியாகக் கூட்டி ஒப்பிட வேண்டும். பரிசு வேண்டும் என்றால், கடைக்காரர் ஒருவர் தன் கைக்காசில் ஒரு ஜெர்சியோ ஒரு விருந்தோ கொடுக்கட்டும், ஆடுகிறவர்களிடம் ஒரு காசும் வாங்க வேண்டாம். முதலிடத்துக்கு மட்டும் கொடுக்காமல், 55 சதவீதத்தைத் தாண்டிய எல்லாருடைய பெயரையும் அறிவித்தால், கடைசி வாரங்களில் கண்ணை மூடிக்கொண்டு எதிர்ப்பக்கம் அடிக்கும் பழக்கமும் குறையும். சீசன் முடிந்ததும் தாள்களைத் தூக்கிப் போடாதீர்கள். மூன்றாவது சீசனில் யாராவது 400 கணிப்பைத் தாண்டி நல்ல சதவீதத்தில் நின்றால், அந்தத் தாள்கள்தான் அவருக்குச் சாட்சி. அப்படி ஒருவர் நம் ஊரிலிருந்து வந்தால் முதலில் கை கொடுப்பவன் நானாக இருப்பேன்.

காசு வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. 50 வெள்ளி கட்டியவனுக்கு அடுத்த வாரமே பந்தயம் பிடிக்கும் ஏஜென்ட் ஒருவன் அறிமுகம் செய்யப்படுவான். 'இங்கே கணிக்கிறதை அங்கே வை, முதலில் காசு வேண்டாம், கணக்கில் எழுதிக்கலாம்' என்பான். திங்கட்கிழமை கணக்கு முடிக்கும்போது கையில் இல்லாவிட்டால் ஆலோங் (கந்துவட்டிக்காரன்) வருவான். செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டும் பையனின் சம்பளம் அதற்குத் தாங்காது. போட்டி நடத்துகிறவர் இதை நினைக்காமலே அந்தக் கதவைத் திறந்துவிடக் கூடாது.

கடைசியாக, அந்த மாதம் 100 வெள்ளி டிப்ஸ். டிப்ஸ்காரர் ஏமாற்றுக்காரர் இல்லை, நீண்ட காலத்துக்கு 55 சதவீதம் சரியாகச் சொல்கிற அபூர்வமான ஆள் என்றே வைத்துக்கொள்வோம். மாதம் 20 டிப்ஸ் தருகிறார், நீங்கள் ஒவ்வொன்றுக்கும் 50 வெள்ளி வைக்கிறீர்கள், ஜெயித்தால் வெள்ளிக்கு 90 காசு கிடைக்கிறது. மாதம் 1,000 வெள்ளி வைத்ததில் சராசரியாகக் கிடைக்கும் லாபம் 45 வெள்ளி. டிப்ஸுக்கு 100 கொடுத்தபின் 55 வெள்ளி நஷ்டம். அவருடைய கட்டணத்தை மட்டும் ஈடுகட்டவே மாதம் 2,200 வெள்ளிக்கு மேல், சட்டத்துக்குப் புறம்பாக, வைத்தாக வேண்டும். அவர் 52 சதவீதக்காரர் என்றால் கட்டணம் இல்லாமலே நஷ்டம்தான், ஏனென்றால் அந்த விலையில் கையைக் கடிக்காமல் இருக்கவே 52.6 சதவீதம் வேண்டும். கொடுக்காதீர்கள், தம்பி.